அணியில் ஓர் உறுப்பைச் சேர்த்தல்

மளிகைச் சிட்டை எழுதாத வீடு இல்லை. துவரம்பருப்பு, புளி, மிளகாய் வற்றல் என்று அம்மா எழுதி முடித்துக் காகிதத்தை மடிக்கும் வேளையில், "கடுகும் தீர்ந்துவிட்டதே!" என்று பாட்டி குரல் கொடுப்பார். கடைசி வரியின் கீழ் இன்னும் ஒரு வரி, அவ்வளவுதான். பட்டியலின் முடிவில் ஒன்றைச் சேர்ப்பதைவிட எளிய வேலை உலகில் உண்டோ என்று தோன்றும். ஆனால் அதே பட்டியல் கணிப்பொறியின் தரவுத்தளத்தில், ஓர் அட்டவணையின் ஒரே கட்டத்துக்குள் இருக்குமானால், "இன்னும் ஒன்றைச் சேர்" என்னும் சிறு கட்டளைக்குள் எத்தனை நுட்பங்கள் ஒளிந்துள்ளன என்பதையே இங்கு நாம் காணப்போகிறோம். கணிப்பொறிப் பாடம் படிக்கும் மேல்வகுப்புத் தோழியருக்கு மட்டுமே உரிய செய்தி இது என்று மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வருகைப் பதிவேட்டைக் கண்ணால் கண்டவர் எவருக்கும் இது விளங்கும்.

முதலில் தரவுத்தளம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். 1970ஆம் ஆண்டு, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கணக்கும் வேதியியலும் பயின்றவர்; இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். பெருந்தொகையான செய்திகளைக் கணிப்பொறியில் சேமிக்க, அவற்றை எளிய அட்டவணைகளாக அமைத்தாலே போதும் என்பது அவருடைய கருத்து. குறுக்கே செல்வது நிரை. நெடுக்கே செல்வது பத்தி. இரண்டும் சந்திக்கும் இடம் கட்டம். ஓர் அட்டவணையை மற்றோர் அட்டவணையோடு பொதுவான ஓர் எண்ணைக் கொண்டு தொடர்புபடுத்தலாம். இதையே உறவுநிலைத் தரவுத்தளம் என்கிறோம். இன்று வங்கியிலும் தொடர்வண்டி நிலையத்திலும் மருத்துவமனையிலும் நம் பெயரைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் இத்தகைய அட்டவணைகளே. காட் அவர்களுக்கு 1981இல், கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த விருதாகிய டூரிங் விருது வழங்கப்பட்டது.

காட் வகுத்த விதிகளுள் ஒன்று நமக்கு இங்கே முக்கியம். ஒரு கட்டத்துக்குள் ஒரே ஒரு செய்திதான் இருக்க வேண்டும் என்பதே அது. பிறந்த தேதிக் கட்டத்தில் ஒரு தேதி. வகுப்புக் கட்டத்தில் ஒரு வகுப்பு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாழ்க்கை அப்படி அடங்கி நிற்பதில்லையே!

ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். மாணவியர் விடுதி ஒன்றுக்கு ஓர் அட்டவணை அமைக்கிறோம் என்று எண்ணிக்கொள்வோம். பதிவு எண், பெயர், வகுப்பு, தந்தையின் தொலைபேசி எண் என்று பத்திகள். அவற்றோடு இன்றியமையாத இன்னொரு பத்தியும் வேண்டும். அது "ஒவ்வாத மருந்துகள்". சிலருக்குப் பெனிசிலின் ஒவ்வாது, சிலருக்கு ஆஸ்பிரின், சிலருக்குச் சல்பா வகை மருந்துகள். ஒவ்வாத மருந்து உடலில் சென்றால் தடிப்பு, அரிப்பு என்பதோடு நில்லாமல், மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தாக முடிவதும் உண்டு. ஒரு மாணவிக்கு ஒவ்வாதது எதுவுமே இல்லாதிருக்கலாம். மற்றொருத்திக்கு மூன்று இருக்கலாம். இவற்றை ஒரு கட்டத்துக்குள் எப்படி அடைப்பது?

"ஆஸ்பிரின், பெனிசிலின்" என்று காற்புள்ளியிட்டு ஒரே சொற்றொடராக எழுதிவிடுவது பலரும் செய்யும் வேலை. கணிப்பொறிக்கு அது இரண்டு மருந்தாகத் தெரியாது. ஒரு நீண்ட சொல்லாகவே தெரியும். மருந்து 1, மருந்து 2, மருந்து 3 என்று மூன்று பத்திகள் போடுவோரும் உண்டு. நான்காவது மருந்தோடு ஒரு மாணவி வந்து சேர்ந்தால் அட்டவணையையே மாற்றி எழுத வேண்டும்! காட் காட்டிய வழி வேறு. ஒவ்வாமைக்கென்று தனி அட்டவணை ஒன்று வைத்து, ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நிரை எழுதி, பதிவு எண்ணால் மாணவியோடு இணைத்துவிடுவது. அந்த வழியைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசுவோம்.

இவற்றுக்கு இடையே இன்னொரு வழியும் உண்டு. அதுதான் அணி. காலையில் மணி அடித்ததும் நாம் ஒருவர் பின் ஒருவராக அணியில் நிற்கிறோம் அல்லவா? முதலாவது யார், ஏழாவது யார் என்று எண்ணிச் சொல்லிவிடலாம். அதுபோல் ஒரே வகைச் செய்திகளை வரிசை எண்ணோடு ஒரே கட்டத்துக்குள் நிறுத்திவைப்பதே அணி. அதில் நிற்கும் ஒவ்வொன்றும் ஓர் உறுப்பு. அணி எல்லாத் தரவுத்தளங்களிலும் கிடையாது. மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் ஆகியவற்றில் அணி என்று தனி வகை இல்லை. அதற்கென்றே பெயர் பெற்றது போஸ்ட்கிரெஸ்க்யூஎல். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்னும் பேராசிரியர் 1986இல் தொடங்கிய ஆராய்ச்சியின் வாரிசு அது. 1996இல் இப்போதைய பெயரைப் பெற்றது. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். யானைத் தலையை அதன் சின்னமாகக் காணலாம். இனி நாம் சொல்வன யாவும் இந்த யானையைப் பற்றியவையே.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் ஓர் அணியை எழுதும்போது இரு நெளிவு அடைப்புகளுக்குள் உறுப்புகளைக் காற்புள்ளியிட்டு எழுதுவர். எண்ணத் தொடங்குவது ஒன்றிலிருந்து. சி போன்ற கணிப்பொறி மொழிகளைக் கற்றவர்கள் சுழியத்திலிருந்து எண்ணிப் பழகியவர்கள். அவர்களுக்கு இங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. பழக்கத்தால், "சுழியம் ஆவது இடத்தில் பெனிசிலினை எழுது" என்று கட்டளையிட்டுவிட்டால் இயந்திரம் மறுப்பதில்லை. முதல் உறுப்புக்கும் முன்னால் ஒரு புது இடத்தை உண்டாக்கி அங்கே எழுதிவிடும்! அது முதல் அந்த அணி மட்டும் சுழியத்தில் தொடங்கும். மற்ற மாணவியரின் அணிகள் ஒன்றில் தொடங்கும். ஒன்றிலிருந்து எண்ணி அச்சிடும் நிரலோ பெனிசிலினைக் காணாமலே கடந்துவிடும்.

இட எண்ணைச் சொல்லி எழுதுவதில் இன்னொரு விந்தையும் உண்டு. மூன்று உறுப்புகள் உள்ள அணியில் ஆறாவது இடத்தில் எழுதச் சொன்னால், நான்கையும் ஐந்தையும் என்ன செய்வது? இயந்திரம் அவற்றில் "இன்மை"யை நிரப்பும். ஆங்கிலத்தில் இதை "நல்" என்பார்கள். இன்மை என்பது சுழியமும் அன்று, வெற்றுச் சொல்லும் அன்று. "இங்கே என்ன என்று தெரியாது" என்பதே அதன் பொருள். அணியை அமைக்கும்போதே "மூன்று உறுப்புகளுக்கு மேல் கூடாது" என்று அளவு குறித்திருந்தாலும் பயனில்லை. அந்த அளவை இந்த யானை பொருட்படுத்துவதே இல்லை.

ஆகவே இட எண்ணைச் சொல்லாமல் "கடைசியில் சேர்" என்று கேட்பதே நல்லது. அதற்கென்று அர்ரே அப்பென்ட் என்னும் செயற்கூறு இருக்கிறது. அணியையும் புதிய உறுப்பையும் கொடுத்தால், உறுப்பு வாலில் சேர்ந்த புதிய அணியைத் திருப்பித் தரும். தலையில் சேர்க்க அர்ரே பிரிபென்ட். இரண்டு அணிகளை ஒட்டவைக்க அர்ரே கேட். மூன்றுக்கும் பொதுவாக, இரண்டு செங்குத்துக் கோடுகளால் ஆன ஒட்டுக்குறி ஒன்றும் உண்டு. இந்த ஒட்டுக்குறி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். காரணம் சொல்கிறோம். ஒட்டுக்குறிக்கு வலப்புறம் மேற்கோளுக்குள் பெனிசிலின் என்று மட்டும் எழுதினால், அது உறுப்பா, மற்றோர் அணியா என்று இயந்திரம் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அணி என்றே அது ஊகிக்கும். நெளிவு அடைப்பு இல்லாத அணி எங்கே உண்டு? உடனே, "அணி பிழையாக எழுதப்பட்டுள்ளது" என்று கடிந்துகொள்ளும். பிழையென்று உரைத்துவிட்டால் திருத்திக்கொள்ளலாம். உரைக்காத இடமும் உண்டு. ஒட்டுக்குறியின் வலப்புறம் வெறும் இன்மையைக் கொடுத்தால், சேர்க்க எதுவுமில்லை என்று கொண்டு பழைய அணியையே தரும். அர்ரே அப்பென்டுக்கு அதே இன்மையைக் கொடுத்தால், இன்மையை ஓர் உறுப்பாகவே வாலில் சேர்த்துவிடும். ஒரே வேலைக்கு இரண்டு விடைகள்!

இன்மையைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விடுதி அட்டவணையில் ஒரு மாணவியின் மருந்துக் கட்டம் இரண்டு விதமாக வெறுமையாயிருக்கலாம். பெற்றோரைக் கேட்டோம், "அவளுக்கு ஒவ்வாதது எதுவும் இல்லை" என்றார்கள். இது உறுப்பில்லாத அணி. இரண்டு நெளிவு அடைப்புகள், நடுவில் ஒன்றுமில்லை. மற்றது, இன்னும் யாரும் கேட்கவே இல்லை. இது இன்மை. மருந்தறையில் ஊசியோடு நிற்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றாகுமா? முதலாமவளுக்கு ஊசி போடலாம். இரண்டாமவளுக்குத் தொலைபேசியில் வீட்டை அழைத்த பின்னரே போடலாம். ஆயினும் அர்ரே அப்பென்ட் இவ்விரண்டு கட்டங்களையும் ஒன்றுபோலவே நடத்தும். இன்மையோடு பெனிசிலினைச் சேர்த்தாலும், உறுப்பில்லாத அணியோடு சேர்த்தாலும் கிடைப்பது ஒரே விடை: பெனிசிலின் மட்டும் உள்ள அணி. முன்னர் யாரும் கேட்கவில்லை என்னும் செய்தி அந்தக் கணமே மறைந்துபோகிறது. அதைக் காப்பாற்ற வேண்டுமானால், "பெற்றோரிடம் கேட்ட தேதி" என்று தனிப்பத்தி வைப்பதே சரியான வழி என்பது எங்கள் எண்ணம். அப்படி வைத்தபின், மருந்துப் பத்தியில் இன்மையையே அனுமதிக்காமல், தொடக்கத்திலேயே உறுப்பில்லாத அணியை இட்டுவைக்கலாம்.

உறுப்பில்லாத அணியின் நீளம் என்ன? சுழியம் என்றுதானே சொல்வோம்! நீளத்தைக் கூறும் பழைய செயற்கூறு "இன்மை" என்கிறது. இதனால், "நீளத்தோடு ஒன்றைக் கூட்டி அந்த இடத்தில் எழுது" என்று கட்டளை எழுதியவர்களின் நிரல், ஏற்கெனவே ஒரு மருந்தாவது உள்ள மாணவிகளுக்கு ஒழுங்காக நடக்கும். முதல் மருந்தைச் சேர்க்கும்போது மட்டும் பிழை காட்டி நின்றுவிடும். எண்ணிக்கையைச் சரியாகச் சுழியம் என்று சொல்லும் கார்டினாலிட்டி என்னும் செயற்கூறு 2014இல்தான் வந்தது.

இனி எல்லாவற்றிலும் பெரிய ஆபத்துக்கு வருவோம். விடுதி அலுவலகத்தில் ஒரு கணிப்பொறி, மருந்தறையில் ஒன்று. 27ஆம் எண் மாணவியின் கட்டத்தில் ஆஸ்பிரின் மட்டும் இருக்கிறது. மருத்துவரிடம் அவளை அழைத்துச் சென்று திரும்பிய சகோதரி மருந்தறையில் அவளுடைய பக்கத்தைத் திறக்கிறார். திரையில் ஆஸ்பிரின். அதே நிமிடத்தில் அலுவலகத்தில், அவளுடைய தாயோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் காப்பாளரும் அதே பக்கத்தைத் திறக்கிறார். அங்கும் ஆஸ்பிரின். சகோதரி பெனிசிலினைச் சேர்த்து, "ஆஸ்பிரின், பெனிசிலின்" என்னும் முழுப் பட்டியலையும் திருப்பி அனுப்புகிறார். தரவுத்தளம் எழுதிக்கொள்கிறது. ஒரு நிமிடம் கழித்துக் காப்பாளர் சல்பாவைச் சேர்த்து, "ஆஸ்பிரின், சல்பா" என்னும் தம்முடைய முழுப் பட்டியலை அனுப்புகிறார். தரவுத்தளம் அதையும் எழுதிக்கொள்கிறது. பெனிசிலின் எங்கே? போயே போய்விட்டது! இருவர் மீதும் குற்றமில்லை. இயந்திரமும் பழுதாகவில்லை, பிழைச் செய்தி ஒன்றும் தோன்றவில்லை. இருவருமே சேர்த்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துக் காய்ச்சலோடு அவள் வரும்போது, கட்டத்தைப் பார்ப்பவருக்குப் பெனிசிலின் தடையில்லாத மருந்தாகவே தெரியும். கணிப்பொறியாளர் இதைத் தொலைந்த திருத்தம் என்று அழைக்கின்றனர்.

எங்கே தவறு நேர்ந்தது? பட்டியலை வெளியே எடுத்துச் சென்று, திருத்தி, முழுவதையும் மீண்டும் கொண்டுவந்து வைத்ததில்தான். அவ்வாறின்றி, "27ஆம் நிரையில் இப்போது எது இருக்கிறதோ அதன் வாலில் பெனிசிலினைச் சேர்" என்று கட்டளையை மட்டும் அனுப்பினால் இந்த விபத்து நேராது. அப்பென்டுடன் கூடிய ஒரே கட்டளை தரவுத்தளத்தை அடைந்ததும், அந்த நிரைக்கு ஒரு பூட்டு விழும். அடுத்து வரும் சல்பாக் கட்டளை பூட்டு திறக்கும்வரை காத்திருக்கும். திறந்ததும், தான் முதலில் கண்ட பழைய நிரையை நம்பாமல், புதுப்பிக்கப்பட்ட நிரையை மீண்டும் படித்து அதன் வாலில் சல்பாவைச் சேர்க்கும். மூன்று மருந்தும் இருக்கும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் இயல்பான அமைப்பில் இப்படித்தான் நடக்கிறது. அதைவிடக் கண்டிப்பான அமைப்புகளில், காத்திருந்த கட்டளை "எனக்கு முன் வேறொருவர் மாற்றிவிட்டார்" என்று பிழை கூறி விலகும். நிரல் அதை மறுபடியும் அனுப்ப வேண்டும். எப்படியாயினும் ஓசையின்றித் தொலைவதில்லை. முழுப் பக்கத்தையும் திருத்தி அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால், நிரைக்கு ஒரு பதிப்பு எண் கொடுத்து, படித்தபோது இருந்த எண்ணே இப்போதும் இருந்தால்தான் எழுதுவது என்று நிபந்தனை வைக்கலாம்.

ஒரே மருந்து இரண்டு முறை சேராமல் தடுப்பதும் நம் பொறுப்பே. அணி அதைத் தடுக்காது. "இந்த மருந்து அணியில் இல்லாவிட்டால் மட்டும் சேர்" என்று நிபந்தனை எழுதுவது வழக்கம். இங்கேதான் முன்னர் கண்ட இன்மை மீண்டும் தலைகாட்டுகிறது. கட்டமே இன்மையாக இருந்தால், "பெனிசிலின் அதில் இல்லையா?" என்னும் வினாவுக்கு இயந்திரம் தரும் விடை ஆம் அன்று, இல்லை என்பதும் அன்று, "தெரியாது". தெரியாது என்றால் அது எழுதாது. அணிக்குள் ஓர் உறுப்பு இன்மையாக இருந்தாலும், அந்த இன்மை பெனிசிலினாகவே இருக்கக்கூடுமே என்பது அதன் வாதம்; அப்போதும் எழுதாது. ஆறாவது இடத்தில் எழுதப் போய் நான்கிலும் ஐந்திலும் இன்மை விழுந்ததே, அந்த இன்மைகள் செய்யும் வேலை இது. கட்டளை பிழையின்றி முடிந்தது என்றும், மாறிய நிரைகள் 0 என்றும் மட்டும் விடை வரும். அந்த 0 என்னும் எண்ணை யார் கவனிக்கிறார்கள்?

சேர்க்கும் வேலைக்கு உள்ளே எவ்வளவு உழைப்புச் செலவாகிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். நம் கண்ணுக்கு ஓர் உறுப்புத்தான் சேர்கிறது. உள்ளேயோ, நிரை முழுவதும் புதிதாக எழுதப்பட்டு, பழைய நிரை செல்லாததாக ஒதுக்கப்படுகிறது. பிறகு வேக்யூம் என்னும் துப்புரவு வேலை வந்து அந்த இடத்தை மீட்கும். மூன்று மருந்துக்கு இது ஒரு செலவே அன்று. ஆனால் ஆண்டு முழுவதும் நாள்தோறும் வளரும் ஒரு பட்டியலை அணியாக வைத்தால், ஒன்றைச் சேர்க்க ஆயிரத்தையும் நகலெடுக்க நேரும். நிரை சுமார் 2 கிலோபைட்டைத் தாண்டினால், நீண்ட அணி சுருக்கப்பட்டோ, வேறோர் இடத்துக்கு மாற்றப்பட்டோ வைக்கப்படும். அதன்பின் ஒவ்வொரு சேர்ப்புக்கும் முழுவதையும் விரித்து எழுத வேண்டும்.

அப்படியானால் அணி எதற்கு ஏற்றது? வாரத்தில் எந்தெந்த நாள் இசை வகுப்பு, ஒரு நூலுக்கு என்னென்ன பொருட்குறிப்பு என்பன போன்ற சிறிய, அடிக்கடி மாறாத பட்டியல்களுக்கு மிகவும் ஏற்றது. ஒரே நிரையைப் படித்தால் எல்லாம் கைக்கு வந்துவிடும். இன்ன சொல் உள்ள நிரைகள் எவை என்று விரைந்து தேட ஜின் என்னும் சுட்டுவரிசையும் உண்டு. ஆனால் ஒவ்வாத மருந்துகளை அணியில் வைப்பதை நாங்கள் ஏற்கமாட்டோம். ஒருவர் பெனிசிலின் என்றும் மற்றொருவர் பென்சிலின் என்றும் எழுதினால், அணிக்கு அவை இரண்டு மருந்துகள். அங்கீகரிக்கப்பட்ட மருந்துப் பட்டியலோடு ஒவ்வோர் உறுப்பையும் இணைத்துச் சரிபார்க்கும் வசதி அணிக்கு இல்லை. தனி அட்டவணைக்கு உண்டு. யார் சொன்னார், எந்தத் தேதியில், மருத்துவர் உறுதி செய்தாரா என்பவற்றை அணியில் எங்கே எழுதுவது? தனி அட்டவணையில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நிரை உண்டு. மாணவியும் மருந்தும் சேர்ந்த இணை இரண்டு முறை வரக்கூடாது என்று விதித்துவிட்டால் இரட்டிப்பும் இல்லை. சகோதரியும் காப்பாளரும் ஒரே நொடியில் எழுதினாலும் இரண்டு புதிய நிரைகள் உண்டாகுமேயன்றி, ஒன்றை மற்றொன்று அழிக்காது.

ஏற்கெனவே அணியாக அமைத்துவிட்டவர்களும் கலங்க வேண்டியதில்லை. அன்னெஸ்ட் என்னும் செயற்கூறு ஓர் அணியை அவிழ்த்து, உறுப்புக்கு ஒரு நிரையாக வரிசையில் நிறுத்திவிடும். அந்த நிரைகளைப் பதிவு எண்ணோடு புதிய அட்டவணையில் ஊற்றலாம். ஊற்றும்போது இன்மை உறுப்புகளை வடிகட்டிவிட வேண்டும். உறுப்பில்லாத அணியும் இன்மைக் கட்டமும் அன்னெஸ்டில் ஒரு நிரையும் தராமல் மறைந்துவிடும் என்பதால், எந்த மாணவியரின் பெற்றோரைக் கேட்டாயிற்று, எவரைக் கேட்கவில்லை என்பதை அதற்கு முன்பே வேறாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.